பொட்டு வைத்துக்கொண்டு போனவள்

படத்துக்குச் சட்டம் போடும் தொழிலில், படத்தில் இருப்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் கத்த வேண்டும். புருஷனோடு ஒரே கடையில் உட்கார்ந்து வயிறெரியும் பெண்களே, சித்தூரில் உங்களுக்கு ஒரு துணை உண்டு.

பார்க்கத் தெரிந்தவர்

திருப்பதியில் புது வீடு கட்டியவர் ஒருவர், மனைவியோடு வந்து ஒரு படத்தை விரித்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின பிரெஞ்சு ஓவியமாம், அதன் அச்சு. ஆற்றங்கரையில் ஒருத்தி ஒட்டுத் துணி இல்லாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கிறாள். பெருமாளும் தாயாரும் மாட்டியிருக்கும் கடையில்!

போகட்டும் என்று விலையைத் தாறுமாறாக ஏற்றினேன். பேரமே பேசாமல் தலையாட்டினார். எனக்கு இன்னும் எரிந்தது. "துணியே இல்லாதவளுக்குத் தங்கக் கலர் சட்டம் ஒரு கேடா?" என்றேன். அவர் என் புருஷனைக் கைகாட்டினார்: "இது ஆர்ட்டுங்க்கா, பாக்கத் தெரியணும். அண்ணனைப் பாருங்க, எப்படிப் பாக்கறாரு!"

ஈரச் சுவர்

பெருமாள் படத்துக்கே கண்ணாடியை ஒரு தரம் துடைக்கிற மனுஷன், தன் டீ ஆறிப்போகும்வரை இவளைத் துடைத்தார். நான் அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு பஜாருக்குப் போய் வந்தால், மறுபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"யோவ், யார்யா திருப்பினது?"

"செவுரு ஈரம்மே. வீணாப் பூடும்."

"ஜுரத்தோட நான் ஈரத்துல நின்னு துணி தொவைச்சேனே, அப்ப எங்கய்யா போச்சு இந்தக் கவலை?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ இன்னா காயிதமாம்மே?"

மீதி

எங்கள் கடையில் எந்தச் சாமி படமும் நெற்றிக்கு நேராகக் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வெளியே போகாது. அந்தப் பழக்கத்தில், அன்றைக்கு என் புருஷன் பெருமாளுக்கு வைத்த கையோடு, இவளுக்கும் வைத்துவிட்டிருக்கிறார்! எடுத்துப்போக வந்தவர்கள் எதிரிலேயே கத்தினேன்: "கல்யாணத்தன்னிக்கு வெச்சதோட சரி, எனக்கு ஒருநாள் வெச்சிருப்பியாய்யா?" துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். திருப்பதிக்காரரின் மனைவி பாய்ந்து என் கையைப் பிடித்தாள். "வேணாங்க்கா! பொட்டு இருந்தாத்தான் எங்க மாமியார் ஹால்ல மாட்ட வுடுவாங்க."

ஆற்றங்கரைக்காரி பொட்டோடு காரில் ஏறிப் போனாள். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். புருஷன் குங்குமக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "கிண்ணத்துல மீதி கீது. நெத்தியக் காட்டும்மே."

எந்தப் படத்துக்கும் சொன்ன விலையில் இருந்து இறங்காதவள், அன்றைக்கு மீதிக்கே ஒத்துக்கொண்டு நெற்றியைக் காட்டினேன்.