வெடிக்கு அஞ்சாத நாய்

விஸ்வநத்தத்தில் பெத்தணன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு வீட்டைக் காட்டுவார்கள். நாய்க்காரர் வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த நாயை அவர் வளர்த்தது என்னவோ இரண்டு வருஷம்தான். பேர் மட்டும் சாகும்வரை ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் மச்சான் முறை. கேலி பேசுவதற்கென்றே ஏற்பட்ட உறவு. நானும் குறை வைத்ததில்லை.

வெடிக் கம்பெனியிலிருந்து சிவகாசி ரயிலடிக்குப் பெட்டி லோடு அடிக்கிற மாட்டுவண்டி அவருடையது. பிள்ளைகுட்டி இல்லை. அவரும் அவர் சம்சாரம் வீரலட்சுமியும் இரண்டு காளைகளும்தான் வீடு. வண்டிக்குக் கீழே ஒரு நாய் நடந்து வந்தால்தான் வண்டிக்காரனுக்கு மதிப்பு என்பது அவர் எண்ணம். ஆனால் எங்கள் ஊரில் நாய் நிலைக்காது. கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கைப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு ஓடுகிற நாய் எங்கே போய் நிற்கும் என்று அதற்கே தெரியாது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி எடுக்கப் போகிறவன் மடியில் ஒரு ஓலைவெடியும் கொண்டுபோவான். வெடித்துப் பார்த்து, மிரளாத குட்டியைத்தான் தூக்குவான்.

ஐம்பத்தெட்டில், ராஜபாளையத்துப் பக்கம் அய்யாதுரை என்பவர் வீட்டில் வேட்டைநாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொல்லையில் குட்டிகள் பால்வெள்ளையாக உருண்டுகொண்டிருந்தன. மச்சான் பீடியால் திரியைப் பற்றவைத்து எறிந்தார். தாய்நாயே தொழுவத்துக்குள் பாய்ந்துவிட்டது. குட்டிகள் மூலைக்கொன்றாகச் சிதறின. ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே தன் வாலைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"பாத்தீகளா?" என்றார் அய்யாதுரை.

"பாத்தேன், பாத்தேன். இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்று மச்சான் அதை வாரி எடுத்தார்.

அய்யாதுரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நல்ல மனுசன்" என்றவர், குட்டிக்குத் துட்டு வேண்டாம் என்றுவிட்டார். ஊர் திரும்பும்வரை மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. வழியிலேயே சூரன் என்று பேரும் வைத்தாயிற்று.

சூரன் வளர்ந்து கன்றுக்குட்டி உயரம் ஆனான். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் அவனை வேடிக்கை பார்க்க வந்துவிடும். கொஞ்சம் தள்ளி ஒரு வெடியைப் போடும். ஊர் நாயெல்லாம் ஊளையிட்டுக்கொண்டு ஓடும், சூரன் உறங்கிக்கொண்டிருப்பான். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். மச்சான் மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரே ஒரு குறை. கூப்பிட்டால் வரமாட்டான். தெரு அதிர "ஏலே சூரா" என்று கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். அவர் முகத்தைக் கண்டுவிட்டால் மட்டும் தாவி வந்து மேலே விழுவான். "வெடிக்கே பயப்படாதவன் உங்க சத்தத்துக்கா மச்சான் பயப்படுவான்?" என்பேன். கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மச்சானுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். சாட்டைக்கம்பை எடுத்துவிடுவார். அடிவாங்கிய நாய் அடித்த கையையே நக்கும்.

"வாயில்லாச் சீவன அடிக்காதீக. உங்க மேல உசுரையே வச்சிருக்கு" என்று வீரலட்சுமி குறுக்கே விழுவாள்.

"உசுரு வச்சிருந்தா கூப்பிட்டா வராதா?" என்பார் அவர். ஒருநாள் ரயிலடியில் லோடு இறக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "பிள்ளைன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் மாப்ளே. அதுவும் நம்மள மதிக்க மாட்டேங்குது." அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை.

அறுபதில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு வண்டி கட்டினோம். ஆற்று மணலில் வண்டிகளை அவிழ்த்துப்போட்டு, பொங்கல் வைத்து, மறுநாள் காலையில் ஊருக்குப் புறப்பட்டோம். மாடுகளின் சலங்கை குலுங்கியதும் அந்தந்த வண்டி நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு வந்தது. சூரன் மட்டும் நாணல் புதர் நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான். மச்சான் கூப்பிட்டார். அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்து வண்டிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் போய்ப் பிடிச்சாரேன்" என்று வீரலட்சுமி இறங்கப் போனாள்.

"ஒக்காரு. அதுக்கு அம்புட்டுத் திமிருன்னா எனக்கு எம்புட்டு இருக்கும்? என் மேல பாசம் இருந்தா வண்டி போற சத்தம் கேட்டு ஓடியாரட்டும். இல்லைன்னா அங்கனயே கெடக்கட்டும்" என்று மாட்டை முடுக்கினார். சாத்தூர் வரைக்கும் வீரலட்சுமி பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நாய் வரவில்லை. வீம்புக்காரர், தேடியும் போகவில்லை.

தீபாவளி சீசனில் அய்யாதுரை வெடி வாங்க வந்தவர், விசாரித்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். வந்ததும் கேட்டார்: "அந்தச் செவிட்டுக் குட்டி எப்படி இருக்கு?"

"எந்தச் செவிடு?" என்றார் மச்சான்.

"நீங்க எடுத்துட்டுப் போனதுதான். அந்த வெள்ளையில ஒண்ணு ரெண்டு காது கேக்காமப் பொறக்கும். சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே வெடியக் கொளுத்திப் போட்டீக. காது கேக்குதான்னுதான் சோதிக்கிறீகன்னு நினைச்சேன். செவிடுன்னு தெரிஞ்சும் இதத்தான் தேடுனேன்னு தூக்குனீகளே! அதான் துட்டு வாங்க மனசு வரல."

வீரலட்சுமி கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. "தரையில கால் தட்டுனா வரும், குரல் குடுத்தா வராது. எனக்கு உறைக்கலையே, பாவி எனக்கு உறைக்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உடனே பஸ்ஸைப் பிடித்து மச்சானும் நானும் இருக்கன்குடி போனோம். கோயிலுக்கு வெளியே தேங்காய் விற்கிற ராமுத்தாய்க்கு நாயைத் தெரிந்திருந்தது. "அந்த வெள்ளை நாயா? ஆடி முடிஞ்சும் இங்கனதான் கெடந்துச்சு. வர்ற வண்டிக்கெல்லாம் ஓடும். ஒவ்வொரு வண்டிக்காரன் மூஞ்சியா ஏறிட்டுப் பாக்கும். பாத்துட்டுத் திரும்பிரும். கல்லெடுத்தாலும் போகாது. இப்பக் கொஞ்ச நாளாக் கண்ணுல படல."

மச்சான் ஆற்று மணலில் இறங்கினார். பழக்கதோஷத்தில் கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மணலில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை லோடு வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார். அதே காளைகளைப் பூட்டி, அதே வண்டியில் இருக்கன்குடி போவார். அறுபத்தாறில் படுக்கையில் விழும்வரை போனார். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். மணலில் வண்டியை நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து, உச்சி வெயிலில் வண்டி மேல் ஏறி நிற்பார். முகத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டுவார். தெரியாதவர்கள் பைத்தியம் என்று நினைப்பார்கள். ஒருமுறை சாமி கும்பிட வந்த ஒருவர் இரக்கப்பட்டுக் கேட்டார்:

"யாரையும் தொலைச்சிட்டீகளா அண்ணாச்சி? பேரச் சொல்லிக் கூப்பிடுங்களேன்."

"கூப்பிட்டாக் கேக்காதய்யா" என்றார் மச்சான். "அது என் மூஞ்சியப் பாக்கணும்."