மரியாயி மறித்த வழி

புருஷன் யோசப்பின் இடது காலை எடுத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் தாதி வந்து சொன்னபோது மரியாயி அழவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார் நிருஷாவைப் பார்த்து, "அந்தச் செவப்புத் துணிக்காரன் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"அலன்னு சொல்லுவாங்க அண்ணி. இப்ப எதுக்கு அது?"

மரியாயி அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இலங்கையில் அரநாயக்கவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் கொழுந்து பறிப்பவள் மரியாயி. எதையும் மறக்காதவள் என்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பெயர். கொழுந்து நிறுக்கும்போது தராசில் கைவைத்த கணக்கப்பிள்ளையோடு, அவர் வேலையை விட்டுப் போகும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள். யோசப் நேர்மாறு. தண்ணீர் ஓடக் கான் வெட்டுவதும் மதில் கட்டுவதும் அவன் வேலை. திட்டியவனுக்கே மறுநாள் வெற்றிலை நீட்டுவான்.

லயத்துக்குப் பின்னால் ஏறினால் ஒரு பெரிய பாறை. பள்ளத்தாக்கிலிருந்து காற்று நேராக அதன் மேல் ஏறி வரும். கொழும்பிலிருந்து வந்த அலன் அதைக் கண்டுபிடித்து, வெள்ளைக்காரர்களை அழைத்து வந்து, பாராகிளைடர் என்கிற சிவப்புத் துணிச் சிறகில், தனக்கு முன்னால் கட்டிக்கொண்டு பறக்கத் தொடங்கினான். பாறைக்கு வழி ஒன்றுதான். அது லயத்து ஆட்களின் அவரைப் பந்தல்களுக்கு நடுவே போகிறது. அவன் யாரையும் கேட்கவில்லை. பாத்தியை மிதித்துக்கொண்டு போனான், வந்தான். தொடக்கத்தில் மரியாயியும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தவள்தான்.

அந்த வருஷ மழையில், அடைத்துக்கொண்ட கானை யோசப் தோண்டிக்கொண்டிருந்தபோது மதில் சரிந்து அவன் கால் மேல் விழுந்தது. கீழே மண் சரிந்து ரோட்டும் இல்லை. கிராம சேவகர் போன் பண்ணி மன்றாடியதில், ஹெலிகொப்டர் அனுப்புவதாகச் சொன்னார்கள். விளையாட்டு மைதானத்தில் யோசப்பைப் பலகையில் கிடத்திப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மழை விட்டு, வானம் கொஞ்சம் வெளுத்தது.

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. அதே நேரம் பாறையிலிருந்து சிவப்புத் துணி விரிந்து எழுந்தது. மழைவிட்ட வெளிச்சத்தில் மலையைக் காட்ட ரோடு அடைபடுமுன்பே மேலே வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அலன் பறந்துவிட்டான். பறக்கப் போவதாக யாருக்கும் சொல்லவில்லை. வானத்தில் யார் வருகிறார்கள் என்று யாரிடமும் கேட்கவுமில்லை.

ஹெலிகொப்டர் தூரத்திலேயே வட்டமடித்தது. அதன் காற்று பட்டால் துணி சுருண்டு இரண்டு பேரும் கல்லாய் விழுவார்கள். "முன்னுக்கு ஒருத்தன் பறக்கிறானாம், எறங்க ஏலாதாம்" என்று கிராம சேவகர் போனைக் காதில் வைத்தபடி கத்தினார். பெண்கள் சேலைத் தலைப்பை வீசிக் கூவினார்கள். மேலே இருந்த வெள்ளைக்காரி சந்தோஷமாகக் கையாட்டினாள். அலன் தரையிறங்குவதற்குள் பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்துவிட்டது. ஹெலிகொப்டர் திரும்பிப் போனது. யோசப்பைச் சேற்றில் சுமந்துகொண்டு, மண்சரிவைத் தாண்டி ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்தது. காலைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டொக்டர்.

சில நாள் கழித்து அலன் பழப்பையோடு வார்டுக்கு வந்தான்.

"அக்கா, ஹெலிகொப்டர் வருதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

"நீ கேட்டியா?"

அவன் பழப்பையைக் கட்டிலில் வைத்தான். மரியாயி பழப்பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு, விடு புள்ள" என்றான் யோசப்.

"ஒங்களுக்கு வேணும்னா விடுங்க. என்னால முடியாது."

"கால் போனது எனக்கு. கோவம் மட்டும் ஒனக்கா?"

"ஆமா. நீங்க படமாட்டீங்க, அதையும் நானே படுறேன்."

வீட்டுக்கு வந்த வாரமே, விடிந்ததும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினாள். அங்கே தகரக் கொட்டகையில் அலனின் சாமான்கள் இருந்தன. பூட்டுக்கூட இல்லை. பையைப் பிரித்தாள். துணியிலிருந்து மெல்லிய கயிறுகள் கொத்துக்கொத்தாக வந்தன. ஒரு கொத்தைப் பிடித்துக் கத்தியை வைத்தாள். பாதி அறுத்துவிட்டால் போதும், கீழே நிற்கும்போது தெரியாது, மேலே போனதும் தெரியும். அவன் விழுவதை மனதுக்குள் நன்றாகப் பார்த்தாள். அது அவளுக்கு இனித்தது. ஆனால் விழும்போது அவன் முன்னால் யாரோ ஒருத்தி கட்டுண்டிருந்தாள். அன்று கையாட்டிய பெண்ணின் முகமாக இருந்தது அது. அத்தோடு, எதற்காக விழுகிறோம் என்று தெரியாமலே அவன் செத்துப்போவான். அது போதாது என்று மரியாயிக்குப் பட்டது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த தடவை அலன் ஆட்களோடு வந்து பாறையில் துணியை விரித்தபோது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு ஏறி, அந்தத் துணியின் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, எந்திரிங்க, துணி கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

அவன் பொலிஸைக் கூப்பிட்டான். அவன் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். வந்த சார்ஜன்ட்டிடம் மரியாயி அழாமல், கத்தாமல், நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சார்ஜன்ட் அலன் பக்கம் திரும்பினார். இங்கே பறக்க அனுமதி எங்கே, தோட்டத்தில் யார் விட்டது, அன்றைக்குப் பறப்பதை யாருக்கு அறிவித்தாய் என்று கேட்டார். அலன் ஒவ்வொன்றுக்கும் ஏதோ முணுமுணுத்தான். அவன் நெற்றி வியர்ப்பதை மரியாயி துணி மேல் உட்கார்ந்தபடியே ரசித்துப் பார்த்தாள்.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பாறை மூடப்பட்டது. அலன் ஜீப்பையும் துணிகளையும் விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று மரியாயி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், யோசப் சோற்றை ரசத்தோடு மட்டும் தின்றான்.

நிருஷாவுக்கும் மனத்தாங்கல். பறக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவள் அவள். "ஒருத்தன் மேல உள்ள ஆத்திரத்துல எங்க வயித்துலயும் அடிச்சிட்டீங்க அண்ணி" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

ஒரு வருஷம் போனது. ஹிமாயா என்ற பாராகிளைடர் பெண் பைலட் வந்தாள். பாறையைப் பார்க்கப் போகவில்லை, முதலில் லயத்துக்கு வந்தாள். அனுமதி எடுத்தாகிவிட்டது, ஆனாலும் நீங்கள் சம்மதித்தால்தான் என்றாள். பந்தல்களைச் சுற்றிப் புதுப்பாதை வெட்டலாம், பறக்கிற ஒவ்வொரு நாளும் முன்கூட்டி அறிவித்து, வானம் காலியா என்று கேட்டுவிட்டே துணி விரிப்போம், மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் அந்தப் பக்கமே வரமாட்டோம் என்று விளக்கினாள். எல்லோரும் மரியாயியைப் பார்த்தார்கள்.

"ஹெலிகொப்டர் சத்தம் கேட்டா?"

"மேல இருக்கிறவங்க ஒடனே எறங்கணும். கீழ இருக்கிறவங்க ஏறவே கூடாது."

"சரி, பறங்க" என்றாள் மரியாயி. நிருஷா அன்றைக்கே தேத்தண்ணீர்க் கேத்தலைத் தேய்த்துவைத்தாள்.

புதுப்பாதை வெட்டி முடிந்த பிறகு ஒரு காலை, ஹிமாயாவின் ஆட்களோடு அலனும் வந்தான். மெலிந்திருந்தான். அவளிடம் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறானாம். நேராக யோசப்பிடம் போய், ஊன்றுகோல் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னைக்கு நான் கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு தம்பி. எந்திரிங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

அலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாதையில் கால் வைத்தான். மரியாயி முன்னால் வந்து நின்றாள்.

"அவரு மன்னிச்சாரு. நான் மன்னிக்கல. கீழ எறங்கு."

"அக்கா, எனக்கு வேற தொழில் தெரியாது."

"அவருக்கும் மதில் கட்டுறதத் தவிர வேற தொழில் தெரியாது."

ஹிமாயா இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அலனின் தோளிலிருந்த பையை மெல்ல வாங்கி இன்னொருவனிடம் கொடுத்தாள். அலன் தேயிலைக்கு நடுவே ரோட்டுக்கு இறங்கிப் போனான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மரியாயி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கல்லு மனசு ஒனக்கு" என்றான் யோசப்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு அவள் மலைக்குப் போனாள்.