காது கேட்டவளுக்கு எழுதிக் காட்டுனது

காது நல்லாக் கேக்குற பொண்டாட்டிகிட்ட எழுதிக் காட்டியே குடும்பம் நடத்துன முட்டாள் நான்.

தொண்டை ஆபரேஷன்ல அவளுக்குப் போனது குரல் மட்டுந்தான். எழுதிக் காட்டட்டும்னு, திரை காகிதம் மாதிரியே இருக்குற, சார்ஜ் தீந்தாலும் எழுதுனது அழியாத ஒரு டேப்லெட் வாங்கிக் குடுத்தேன். "பட்டினச்சேரி மீன்காரம்மா வந்தா சங்கரா வாங்குங்க"ன்னு அதுல எழுதுவா. நான் அதை வாங்கிக் கீழேயே "கொழம்புக்கா, வறுவலுக்கா?"ன்னு எழுதி நீட்டுவேன். சத்தமில்லாம சிரிப்பா. நானும் தமாஷ் பண்ற மாதிரியே காட்டிக்கிட்டேன். உண்மையில, வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு பயம்.

ஒருநாள் பெரிய எழுத்துல எழுதுனா: "எனக்குக் காது கேக்கும். பேசுங்க."

நான் அதுக்குக் கீழ "சரி"ன்னு எழுதிக் குடுத்தேன். அன்னைக்கு அவ சிரிக்கல. அந்த வாரமே மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போய்ட்டா.

அந்த டேப்லெட்டுல சார்ஜ் தீந்தும் கடைசிப் பக்கம் அப்படியே நிக்குது, என் "சரி"யோட. இப்பல்லாம் அதை மடியில வச்சுக்கிட்டு, சங்கரா கெடைக்கல, ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னு தெனமும் பேசிக்கிட்டிருக்கேன்.

நேத்து கோட்டுச்சேரியிலேர்ந்து கொழுந்தியா வந்தா. வாசல்லயே நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்கா போல. செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னா: "இதை அக்கா காதுல சொல்லியிருக்கலாம்ல, அத்தான்."