காலுக்கும் இரண்டு கிலோ கழிவு

சண்டை போடுவதென்றால் எனக்கு இரண்டு கையும் இடுப்பில் இருக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்கு முன்னால், இருபது வருடமாக அப்படித்தான் நின்றிருக்கிறேன். கொழுந்தை நிறுத்ததும் பைக்கும் ஈரத்துக்கும் என்று கணக்குப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பார். மழை பெய்தாலும் கழிவு, வெயில் காய்ந்தாலும் கழிவு. விடுவேனா நான்?

அந்த நான்தான் போன வருடம் ஒரு மழை நாளில், மலையில் தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் காலை விட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டேன். தினமும் தாண்டுகிற கான்தான். எட்டு வாரம் மாவுக்கட்டு. காலை நிலத்தில் ஊன்றவே கூடாது. இரண்டு கையிலும் ஊன்றுகோல். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலியில் எனக்கு முன்னால் ஒருத்தி குடத்தைக் கொண்டுவந்து வைத்தால்கூட ஒழுங்காக ஏச முடியவில்லை.

கட்டைப் பிரித்த அன்று ஹட்டனில் டொக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சிங்களப் பெண், நிதானமாகத் தமிழ் பேசுவார்.

"முறிஞ்ச இடம் ஒட்டியாச்சு அம்மா. ஆனா சுத்தி எலும்பு மெலிஞ்சிருக்கு. பாரம் இல்லாம சும்மா இருந்தா எலும்பு அப்படித்தான். இனி பாரம் குடுக்க வேணும், கொஞ்சம் கொஞ்சமா. இப்ப காலுக்கு இருபது கிலோ. கூட வேணாம். ஒரு மாசத்துல திரும்ப எக்ஸ்ரே. அப்பவும் இப்படியே இருந்தா மலை வேலை வேணாம்."

மலைக்குப் போகாமல்? நாற்றுமேடையில் குந்திக்கொண்டு பைக்கு மண் அடைக்கவா?

இருபது கிலோவைத் தலையில் மாட்டிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடை சொல்வேன். காலுக்குத் தெரியவில்லையே! ஆஸ்பத்திரியில் ஒரு தராசின் மேல் மிதிக்க வைத்துக் காட்டினார்கள். லயத்தில் தராசுக்கு எங்கே போவது? பக்கத்து நிரையில் பறிக்கும் என் சிநேகிதிதான் கேட்டாள்: "மடுவத்துல தொங்குதே, அது என்னடி, தோரணமா?"

மறுநாள் மத்தியான நிறுவை முடிந்ததும் தராசுக் கொக்கியில் வெறும் பையை மாட்டி, அதற்குள் காலை நுழைத்தேன். ஊன்றுகோல்களில் சாய்ந்துகொண்டு அமுக்கினேன். முதலில் பட்டும் படாமலும். பயம்தான், வேறென்ன? எண்கள் என் தலைக்கு மேலே தெரிந்ததால் கணக்குப்பிள்ளை பார்த்துச் சொன்னார்.

"எட்டு... பதினொன்னு... இன்னும் அமுக்குங்க அக்கா..."

"கொழுந்தா முத்தலான்னு பாத்து வாங்குங்க ஐயா!" என்றாள் சிநேகிதி. பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

"இருபது!" என்று அவர் கத்தியதும் ஒரே கைதட்டல். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தினமும் இதே கூத்து. கால் அந்த அளவை மனப்பாடம் செய்துகொண்டது. அதே அளவு ஊன்றி லயத்து வாசலில் நடந்து பழகினேன். நான்காவது வாரம் சிநேகிதி தராசை எட்டிப் பார்த்தாள்.

"அடியேய், இருபத்திரண்டுல்ல காட்டுது!"

கணக்குப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய்ப்பழக்கம் அக்கா. கழிச்சுக் கழிச்சே..."

என் காலுக்கும் ஈரக் கழிவு! ஊன்றுகோலைப் பிடித்த கையோடு என்ன சண்டை போடுவது? "நீங்க நல்லா இருப்பீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். எக்ஸ்ரே நாள்வரை சோறு இறங்கவில்லை. இந்த இரண்டு கிலோவால் மலையே போய்விடுமோ என்று ஒரே பயம்.

டொக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரெண்டு கிலோவால ஒன்னும் ஆகல்ல. ஒரு நாளும் விடாம மிதிச்சீங்கதானே, எலும்பு தேறி வருது. மலைக்குப் போகலாம். ஆனா அவசரம் வேணாம்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அதன்பிறகு முப்பது, நாற்பது என்று ஏறி, ஊன்றுகோல் இரண்டும் போய் ஒற்றைக் கம்பு வந்தது. கம்போடுதான் மறுபடி மலையேறினேன், அதிகம் சரிவில்லாத மலைதான். என் நிரை, என் சிநேகிதி, கையில் ஒட்டும் கொழுந்துக் கறை. சந்தோஷத்தில் எனக்கு வாயே ஓயவில்லை.

மத்தியானம் என் பை தராசில் ஏறியது. இந்த முறை நானே எட்டிப் பார்த்தேன். பதினாறு.

"பதினாலு!" என்றார் கணக்குப்பிள்ளை.

"எது ஐயா பதினாலு? ஒரு வாரமா பொட்டு மழை இல்ல, ஈரம் எங்கேருந்து வந்துச்சு? உங்க வாயிலேருந்தா?"

யாரும் சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளைகூட என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பு எங்கடி?" என்றாள் சிநேகிதி.

திரும்பிப் பார்த்தேன். கம்பு பத்தடி தள்ளி வாசல் தூணில் சாய்ந்திருந்தது. என் இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.