கதவுக்குத் தேய்த்த மெழுகுவர்த்தி

என் அறை ஜன்னல் விளிம்பில் ஒரு பாதி மெழுகுவர்த்தி இருக்கிறது. அதன் திரி ஒருநாளும் எரிந்ததில்லை. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாக இருக்கும். மறுபக்கத்தில், வெயிலில் இளகியிருந்தபோது என் மனைவி அழுத்திப் பிடித்த இரண்டு விரல்களின் தடம். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்த விரல்கள். அந்தக் கறையும் மெழுகில் ஏறியிருக்கிறது.

எங்கள் வீடு நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்துக்குப் போகும் சாலையோரம். கட்டில் போட்டால் கதவு திறக்க இடமிருக்காது என்று அறைக்கு இரும்புத் தள்ளுகதவு வைத்தோம். அடியிலுள்ள பள்ளத்தில் அது ஓட வேண்டும். நான் மைன்ஸில் கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டின் உருளைகளுக்குக் கிரீஸ் அடிக்கும் கான்ட்ராக்ட் ஆள். எங்கள் ஆட்கள் வீடுகளில் மிஞ்சிய கிரீஸ் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். கேட்டுக்கும் சைக்கிள் செயினுக்கும் அதுதான். நானும் பள்ளம் நிறைய அப்பினேன். ஒரு வாரம் கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு கரித்தூள் படிந்து கறுப்புக் களியாக இறுகியது. இறுக இறுக மேலும் அப்பினேன்.

“தலைக்கு எண்ண வச்சிகினு புழுதியில போனா என்னா ஆவும்? அதான் உங்க கதவுக்கும் ஆவுது. வழிச்சிப் போட்டுட்டு மெழுகுவத்திய தேய்ங்க. அதுல தூசி ஒட்டாது,” என்றாள் மனைவி.

“இத்தினி வருசமா கிரீஸ் அடிக்கறவனுக்கு நீ பாடம் எடுக்கறியா?”

“நீங்க மைன்ஸயே ஓட்டறவருங்க. நாந்தான் ஒரு கதவ தள்ள முடியாம கெடக்கறேன்.”

வெளியில் வாய் திறக்காத எனக்கு அவளிடம் மட்டும் ரோஷம் வரும். ஒருநாள் நான் ஷிப்டுக்குப் போனதும் அவளே களியைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்து, மெழுகு தேய்த்திருந்தாள். கதவு ஒரு விரலுக்கு ஓடியது. நான் திரும்பி வந்து அதன் மேலேயே கிரீஸை அப்பினேன். பார்த்துக்கொண்டிருந்தவள் மெழுகுவர்த்தியை ஜன்னலில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு பகல், தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திப் படுத்தவளுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. நான் ஷிப்டில் இருந்தேன். உள்ளிருந்து தட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து இழுத்தும் கதவு நகரவில்லை. ஆட்கள் கடப்பாரையால் கதவை நெம்பி எடுத்து அவளை ஆஸ்பத்திரி கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரம் மிஞ்சியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்த யாரும் கதவைப் பற்றிப் பேசவில்லை. அன்று கதவுக்குக் கீழே கைவிட்டுத் தூக்கிப் பார்த்த அந்த அக்கா மட்டும் சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கிரீஸ் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பள்ளத்தைச் சுரண்டினேன். மூடியிருக்கும் உருளைக்குத்தான் கிரீஸ். தூசியில் திறந்து கிடக்கும் பள்ளத்துக்கு மெழுகு. அவள் சொன்னது அவ்வளவுதான். மாதம் ஒருமுறை தேய்க்கிறேன். கதவு சத்தமில்லாமல் ஓடுகிறது. உள்ளே யாரும் இல்லை.

தேயத் தேய மெழுகு அவள் விரல் தடத்துக்குக் கிட்டே வந்துவிட்டது. நேற்று கடையில் வேறொன்று வாங்கினேன். பழையது ஜன்னலிலேயே இருக்கிறது. வெயில் ஏறும்போது அதை நிழலுக்கு நகர்த்தி வைக்கிறேன்.