ஏசினால் கடலுக்குள்

மகளின் உதைபந்தாட்டத்தில் யாரோ ஒரு தகப்பன் நடுவரைத் தூஷணத்தால் ஏசியபோது, காற்றில் கருவாட்டு வாசமும் சேர்ந்து வர, நான் மனதால் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்க் கரைக்கே போய்விட்டேன். இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த புதிதில், கருவாடு காயும் பாய்களுக்கும் அலைக்கும் நடுவே, துடுப்புகளைக் கோல் கம்பமாக நட்டு நாங்கள் விளையாடிய அந்த மணல் துண்டைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. அங்கே ஒரே சட்டம்தான்: ஏசுகிறவர் பெரியவரோ பிள்ளையோ, அடுத்த கோல் விழும்வரை முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். அதிகம் நின்றவர் அம்மா. நிறுத்தியவர், நடுவரான அப்பா.

விடத்தல்தீவுப் பிள்ளைகளோடு ஆடிய அன்று, பந்து மூக்கில் பட்டு அப்பாவின் வாயிலிருந்தே ஒரு தூஷணம் விழுந்தது.

"இறங்குங்கோ!" என்று அம்மா விசிலைப் பறித்தார். அப்பா சாரத்தை மடித்துக்கொண்டு இறங்க, கரையே சிரித்தது.

அதன்பிறகு எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் அம்மாவுக்கு அது ஓஃப்சைட்.

"இஞ்சேரப்பா, அது கோலப்பா!" என்று அப்பா தண்ணீரிலிருந்து கத்தினார்.

"றெஃபரியோடை வாய் காட்டக் கூடாது."

என் வாழ்நாளில் நான் அடித்த ஒரே கோலும் அப்படித்தான் போனது. நான் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன்.