எங்கே போறே என்று கேட்காத ஆரோக்கியம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, காலில் புது ஷூவோடு, என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். எதற்கு என்கிறீர்களா? 'எங்கே போறே?' என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும்போது நெஞ்சு வலி. சிதம்பரத்திலேயே ஆஸ்பத்திரி, அங்கேயே ஸ்டென்ட். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "தினம் அரை மணி நேரம் நடங்க சார். உக்காந்தே இருந்தீங்கன்னா மறுபடி எங்கிட்டதான் வருவீங்க."

நடக்கலாம்... ஆனால் ரோட்டில் விழுந்துவிட்டால்? ஸ்டென்ட் நகர்ந்துவிட்டால்? நகராது என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். படம் புரிந்தது, பயம் போகவில்லை. இடது பக்கம் படுத்தால் தலையணையில் இதயம் அடிப்பது கேட்கிறது. எங்கே நின்றுவிடுமோ என்று எண்ணிக்கொண்டே கிடக்கிறேன். ஒரு சின்ன ஏப்பம் வந்தாலும் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — செத்துவிடுவேனோ என்று பயம். வேறொன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஆரோக்கியம் கிடைத்தான். உடம்பு ஆரோக்கியம் இல்லை... எதிர்வீட்டு ஆரோக்கியம். மீன் வண்டி ஓட்டுகிறவன், முப்பது வருட சிநேகிதம். முதல் நாள் நான் கேட்டைத் திறந்ததும், டீ கிளாஸோடு நின்றவன் கேட்டான்: "எங்க மச்சான் கெளம்பிட்ட?"

நம் ஊரில் கிளம்புகிறவனை அப்படிக் கேட்கலாமா? சகுனத் தடை! திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். வந்தேன். உட்கார்ந்தேன். குடித்தேன். அதுவரைக்கும் சம்பிரதாயம். திரும்ப எழுந்திருக்காதது மட்டும் என் சொந்தச் சரக்கு.

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி தெரியுமா? "ஏங்க, நடக்கப் போகல?" என்று மனைவி கேட்டால் பதில் தயார்: "ஆரோக்கியம் கேட்டுட்டான்." அவன் வாயைத் திறக்காத நாளில் நானே கேட்டைக் கொஞ்சம் சத்தமாகத் திறப்பேன். இப்படியே ஏழு வாரம் ஓடியது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கேட்டைத் திறந்தேன். ஆரோக்கியம் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்! இருமினேன். ம்ஹூம். கேட்டை மூடித் திரும்பத் திறந்தேன். அவன் வண்டி டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் என்னாலேயே தாங்க முடியவில்லை.

"ஏன்டா, எங்க போறன்னு கேக்க மாட்டியா?"

"வேணாம் மச்சான். ஒன் வீட்டுத் தங்கச்சி வந்து சொல்லிட்டுப் போச்சி. 'அண்ணே, நீங்க கேக்கறதாலதான் அவுரு நடக்காமயே கெடக்காரு'ன்னு. எனக்கு மனசே கேக்கல. சர்ச்சுல போயி பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பயத்துக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று, குற்றமே செய்யாத மனிதனைப் பாவமன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஃபாதர் என்னடா சொன்னாரு?"

அவன் நெளிந்தான். "'இதுல பாவம்லாம் ஒண்ணுமில்ல, தெனம் அவரு கூட நீயும் நட'ன்னாரு. எனக்கு முட்டி வலி ஜாஸ்தி மச்சான்... அதான் ஒன் மூஞ்சியப் பாக்காம டயரப் பாத்துகினு நின்னேன்."

அடப்பாவி! சிரிப்பு வந்தது. சிரித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் பயந்து அவனிடமே கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல, தபாரு சிரிக்கிற. வா," என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான். அவனுக்குச் செய்ததற்குப் பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு மூஞ்சி ஏது? நானும் இறங்கினேன்.

ஒரு கரண்ட் கம்பம், இரண்டு, மூன்று. நெஞ்சு திக் திக்கென்றது. நாலாவது கம்பத்தில் நின்றேன். கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

"வலிக்குதா மச்சான்?" என்றான், முகம் வெளுத்து.

"இல்லடா... அடிக்குதான்னு பாத்தேன்."

அன்று ரேஷன் கடை வரைக்கும். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. அடுத்த வாரம் சிதம்பரத்தில் டாக்டர் கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அது போனதும் நடக்கலாம் என்றுதான் ஏழு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

பயந்துகொண்டே நடந்தாலும் அரை மணி நேரம் அரை மணி நேரம்தானே!